மிளகு ஏறிய துறையில் மிளகாய் இறங்கியது

குற்றாலத்தில் சாரல் நின்றபாடில்லை. வெளியே போக வழியில்லாததால் எழுத உட்கார்ந்துவிட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், வகுப்பில் கேட்பதுபோல ஒரு கேள்வி. நம் தென்காசி காசி விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியர் கட்டியது 15ஆம் நூற்றாண்டின் நடுவில். அன்றைக்கு அங்கே கல் கொத்திய தச்சர்களுக்கு மத்தியானம் ஊற்றிய குழம்பு என்ன நிறம்?

சிவப்பு என்று சொன்னவர்களுக்கு முட்டை மார்க். அந்தக் குழம்பில் ஒரு மிளகாய்கூட இருந்திருக்க முடியாது. தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. உறைப்புக்கு மிளகும் இஞ்சியும், புளிப்புக்குப் புளியும் மோரும். மிளகாய்ச் செடி அப்போது கடலுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவிலும் அதை ஒட்டிய அமெரிக்க நாடுகளிலும்தான் காய்த்துக்கொண்டிருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சமீபத்தில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. சொதிச் சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் ‘டாக்கோ’ என்று மெக்சிகோ பலகாரத்துக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். மக்காச்சோள ரொட்டிக்குள் கறியோ பயறோ வைத்து மடித்துத் தருவது. அன்று ராத்திரியே குடும்பக் குழுவில் வாக்குவாதம். “அந்நியச் சாப்பாடெல்லாம் நம்ம பந்திக்குள்ள எதுக்கு? நம்ம அடையாளமே போச்சு” என்று பெரியவர்கள் ஒரு பக்கம். “நல்லாத்தானே இருந்துச்சு, இதுல என்ன அடையாளம்?” என்று சின்னவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள். யாருக்கும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

மிளகாய் வெளியூர்ச் சரக்கு என்பதற்கு முதல் சாட்சி அதன் பெயர். மிளகு போல உறைக்கிற காய், அதனால் மிளகாய். பழந்தமிழில் ‘கறி’ என்ற சொல்லுக்கே மிளகு என்று ஒரு பொருள் உண்டு. அவ்வளவு பழைய சொந்தம் மிளகு. அதன் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தது மிளகாய். தக்காளி கதையும் அதேதான். நாம் மிளகுத்தக்காளி என்று சொல்கிற மணத்தக்காளிதான் நம் ஊர்த் தக்காளி. வெள்ளைக்காரர் காலத்தில் நம் அடுப்படிக்குள் வந்த பெரிய பழத்துக்குச் சீமைத்தக்காளி என்று பெயர். போகப்போக ‘சீமை’ உதிர்ந்துவிட்டது.

இரண்டாவது சாட்சி திதிச் சமையல். பழைய முறைப்படி திதி கொடுக்கிற வீடுகளில் அன்றைக்கு மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ் வாங்குவதில்லை. வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், பிரண்டை என்று நாட்டுக்காய் மட்டும். முன்னோர்கள் வந்து சாப்பிடுகிற நாள் என்பதால் அவர்களுக்குத் தெரிந்த சாப்பாட்டையே வைக்கிறோம். மற்ற நாளெல்லாம் மறந்துபோகிற ஒரு பழைய அடுப்படி வருஷத்துக்கு ஒரு நாள் நம் வீட்டில் உயிரோடு எழுந்து வருகிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாற்று ஆவணம் இது.

அந்தப் பழைய அடுப்படி மாறியதற்கும் நம் மலைக்கும் தொடர்பு உண்டு. செங்கோட்டையைத் தாண்டினால் ஆரியங்காவுக் கணவாய். அந்தப் பக்கம் கொல்லம் வரை மிளகு விளைகிற ஈர நாடு. பாண்டிய நாட்டுக்கும் சேர நாட்டுக்கும் சரக்கு போய்வந்த பழைய வழிகளில் அது ஒன்று. அந்த மிளகை அரபு வணிகர் தயவு இல்லாமல் நேரடியாக வாங்க வேண்டும் என்றுதான் ஐரோப்பியர் கப்பல் விட்டார்கள். 1492ல் இந்தியாவைத் தேடி மேற்கே போன கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் இறங்கினார். அங்கே உறைப்பான ஒரு காயைக் கண்டு, இதுவும் மிளகு வகைதான் என்று எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் மிளகுக்கும் மிளகாய்க்கும் சேர்த்து ‘பெப்பர்’ என்கிற குழப்பம் அன்று தொடங்கியது. 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கே வந்து சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் கொச்சியிலும் கொல்லத்திலும் போர்த்துகீசியர் கடை விரித்தார்கள். 1510ல் கோவாவைப் பிடித்தார்கள். மிளகு கப்பல் ஏறிய இந்த மேற்குக் கரைத் துறைமுகங்கள் வழியாகத்தான் மிளகாய் இறங்கியது.

வந்த விருந்தாளி எப்படி வீட்டுக்காரர் ஆனார்? மிளகு மலையில்தான் படரும், விலையும் அதிகம். மிளகாய்க்கு மழை குறைந்த மண் போதும். சில மாதத்தில் காய்க்கும். மொட்டைமாடியில் காயப்போட்டால் வருஷம் முழுக்கக் கெடாது. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுக் கஞ்சிக்கும் உறைப்பு கிடைத்தது மிளகாய் வந்த பிறகுதான். ராமநாதபுரம் வறண்ட பூமியில் விளைகிற முண்டு வத்தலுக்கு 2023ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மெக்சிகோ பிள்ளைக்கு ராமநாதபுரத்து விலாசத்தை அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது.

மெக்சிகோவின் பழைய மொழியான நாவாட்டில் பேசியவர்களின் சொற்கள் இன்றும் நம் சந்தையில் புழங்குகின்றன. சப்போட்டா அவர்கள் சொல். ஆங்கிலத்தில் சில்லி, டொமேட்டோ, அவகாடோ எல்லாம் அவர்கள் சொல்லே. நாம் சீமைக் கத்தரிக்காய் என்கிற சௌசௌவின் தாய்வீடும் மெக்சிகோதான். பப்பாளியும் அந்தப் பக்கத்துச் சொந்தம். கொய்யாவும் சீத்தாவும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை.

இப்போது நம் பெருமைக்குரிய சொதிக்கு வருவோம். மறுவீட்டுப் பந்தியில் சொதி இல்லாவிட்டால் சம்பந்தி முகம் சுருங்குகிற ஊர் நம் ஊர். அதில் என்ன போடுகிறோம்? தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, இஞ்சி, எலுமிச்சை. இவை பழைய சரக்கு. பச்சை மிளகாய் மெக்சிகோ. பீன்ஸும் அமெரிக்கக் கண்டத்துப் பயறு. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. கேரட் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. சொதி என்ற பெயரில் இலங்கையிலும் ஒரு தேங்காய்ப்பால் குழம்பு உண்டு. டாக்கோ மேஜையைப் பார்த்து முகம் சுளித்தவர்களின் இலையிலேயே பாதி மெக்சிகோ உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் சொதி நம்முடையது இல்லையா? சந்தேகமில்லாமல் நம்முடையதுதான். ஏன் என்பதற்கு மெக்சிகோவின் கதையே பதில் சொல்கிறது.

மெக்சிகோ மக்கள் காட்டுப்புல் ஒன்றைச் சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் பழக்கி, மக்காச்சோளமாக்கினார்கள். அவர்களின் அண்டை மாயா மக்களின் புராணத்தில் கடவுள்கள் மனிதனைச் செய்ததே மக்காச்சோள மாவைப் பிசைந்துதான். 1519ல் ஸ்பானியர் வந்து இறங்கி, 1521ல் அவர்களின் தலைநகரை வீழ்த்தினார்கள். வந்தவர்களுக்கு மக்காச்சோளம் என்றால் இளப்பம். கோதுமை ரொட்டி தின்றால்தான் தங்கள் உடம்பு ஸ்பானிய உடம்பாக இருக்கும் என்று நம்பினார்கள். தேவாலயத்து அப்பமும் கோதுமையில்தான். மக்காச்சோளம் அடிமைப்பட்டவன் சாப்பாடு ஆனது.

விடுதலை கிடைத்த பிறகும் அந்த இளப்பம் போகவில்லை. 1899ல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்சிகோ அரசியல்வாதியே ஒரு புத்தகம் எழுதினார். மனிதர்களைக் கோதுமை தின்பவர், அரிசி தின்பவர், மக்காச்சோளம் தின்பவர் என்று மூன்றாகப் பிரித்தார். உண்மையில் முன்னேறியவர் கோதுமைக்காரர் மட்டுமே என்றார். கவனியுங்கள், அரிசி தின்கிற நாமும் அந்தக் கணக்கில் தேறவில்லை.

சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசல் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் பொங்கிய வீடுகளில் நெல்லுச்சோறு நல்ல நாளைக்கு மட்டும். கம்மங்கஞ்சி கொண்டுவருகிற பிள்ளை தூக்குவாளி மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துக் குடிக்கும். பக்கத்தில் நெல்லுச்சோற்றுக்காரப் பிள்ளை வாளியை அகலத் திறந்து வைத்திருக்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே கம்பு இன்று ‘சிறுதானியம்’ என்று பளபளக்கிற பையில் வருகிறது. 2023ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தானியம் மாறவில்லை, மதிப்புப் போட்டவர்கள்தான் மாறினார்கள். அன்று கையால் மறைத்துக் குடித்த பிள்ளைக்கு அதனால் என்ன திரும்பக் கிடைத்துவிடும்?

மக்காச்சோளத்தை இளப்பமாகப் பார்த்ததில் ஐரோப்பியர் ஒரு பெரிய விஷயத்தைக் கோட்டை விட்டார்கள். மெக்சிகோ பெண்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி, தோலை நீக்கி, பிறகுதான் அரைப்பார்கள். மாவு ஒட்டிக்கொள்ளும், ரொட்டி தட்டலாம். அதோடு, தானியத்துக்குள் பூட்டிக்கிடக்கிற நியாசின் என்ற சத்து சுண்ணாம்பால் விடுபட்டு உடம்பில் சேரும். கப்பல்காரர்கள் விதையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மக்காச்சோளக் களியை மட்டுமே தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறும் ‘பெல்லாக்ரா’ நோய் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மருந்து நியாசின்தான் என்று 1937ல்தான் உறுதியானது. அந்த நோய் அண்டாத அறிவு மெக்சிகோ அடுப்படியில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. அரைக்கிற பெண்களிடம் யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்திலேயே இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. மரவள்ளிக்கிழங்கு பிரேசில் பக்கத்துப் பயிர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட மக்களை ஊக்குவித்தார். அதில் இயற்கையாகவே நஞ்சு உண்டு. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். இங்கே கிழங்கோடு பக்குவமும் சேர்ந்து பரவியது. 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூர் ஏழைகளின் வயிற்றைக் காத்தது அந்தக் கிழங்குதான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர் என்பதை நினைவில் வையுங்கள். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிழங்கு நமக்கு அந்நியம் இல்லை.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். 1960களில் பள்ளி மதிய உணவுக்கு அமெரிக்காவிலிருந்து ‘கேர்’ நிறுவனம் அனுப்பிய மூட்டைகள் வரும். பால் பவுடர், எண்ணெய் டின், மஞ்சள் மக்காச்சோள ரவை. ஆயாம்மாவுக்கு அது என்ன தானியம் என்றே தெரியாது. கடுகும் கறிவேப்பிலையும் வத்தலும் தாளித்து உப்புமா ஆக்கிவிட்டார். எங்களுக்கு அது மெக்சிகோ தானியமும் இல்லை, அமெரிக்க மூட்டையும் இல்லை. பள்ளிக்கூடத்து மஞ்சள் உப்புமா, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று. விதை எந்தக் கப்பலிலும் ஏறும். பக்குவம் ஒரு ஊரில், ஒரு கையில், தலைமுறை தலைமுறையாகப் பழுத்து வருவது. ஒரு சாப்பாட்டை ஒரு ஊருக்குச் சொந்தமாக்குவது அதுதான்.

மெக்சிகோ மக்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். 2010ல் யுனெஸ்கோ அவர்களின் மரபுச் சமையலை மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த ஒரு பண்டத்தையும் தனியாகச் சேர்க்கவில்லை. மக்காச்சோளம், பயறு, பூசணி, மிளகாய் எல்லாம் ஒன்றாக விளைகிற வயல், சுண்ணாம்பில் ஊறவைக்கிற முறை, அரைக்கிற கல், ஊர் கூடிச் சமைக்கிற பழக்கம், அதை மகளுக்குச் சொல்லித்தருகிற பெண்கள், இந்தச் சங்கிலி முழுவதையும் சேர்த்தார்கள். அந்த அரைகல்லின் படத்தைப் பாருங்கள், அசந்துபோவீர்கள். நம் அம்மியும் குழவியும்தான்! ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு கண்டத்துப் பெண்கள் ஒரே மாதிரிக் கல்லைப் பிடித்திருக்கிறார்கள். 2025ல், மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைத் தங்கள் மண்ணில் விதைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

அவர்கள் சமையலும் கலப்பில்லாதது இல்லை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. கிழக்கத்திச் சரக்கு இப்படியும் ஐரோப்பா வழியாகவும் அங்கே சேர்ந்தது. அவர்களின் பெருமைக்குரிய ‘மோலே’ குழம்பில் பலவகை வத்தலை வறுத்து அரைக்கிறார்கள். கூடவே மிளகும் பட்டையும் கிராம்பும் சேர்க்கிறார்கள். நாம் மிளகாய் வாங்கினோம், அவர்கள் மிளகு வாங்கினார்கள். புளியையும் மாம்பழத்தையும் இன்று தங்களுடையதாகவே நினைக்கிறார்கள். கம்பியில் சுற்றிச் சுட்ட கறியை வைக்கிற ‘அல் பாஸ்தோர்’ டாக்கோ, லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பக்குவம். மெக்சிகோக்காரர் யாரும் அதை அந்நியம் என்பதில்லை. கோதுமை விளையாத நம் ஊரில் பிரானூர் பார்டர் புரோட்டாவும் சால்னாவும் நம் பெருமை ஆனது போலத்தான்.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய பண்டம் பந்திக்கு வருவதால் அடையாளம் போகாது. அப்படிப் போவதாக இருந்தால் முதல் மிளகாய் வந்த அன்றைக்கே போயிருக்கும். சின்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘இதுல என்ன அடையாளம்’ என்று கேட்காதீர்கள். வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளை சாம்பார் சாத டப்பாவைத் திறந்ததும் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால், அது வீட்டுக்கு வந்து அழும். அந்த அழுகை சாதத்துக்காக மட்டும் இல்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு வீடு வாடகைக்குத் தர மறுக்கிற நாடு நம் நாடும்தான். சாப்பாட்டை வைத்து மனிதனைத் தள்ளிவைக்கிற வேலையை ஸ்பானியர் மட்டும் செய்யவில்லை.

எனக்கு உண்மையான பயம் வேறு. இன்று சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குப் போகிறது. 2018ல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு அதையும் தின்று விவசாயியைக் கடனாளி ஆக்கியது. அது நம் வயலுக்கு வந்துவிட்டது, நம் அடுப்படிக்கு இன்னும் வரவில்லை. மறுபக்கம், அடுப்படியில் ஏற்கெனவே இருந்த பக்குவங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. அம்மி பின்வாசலில் துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத்துவையல் எந்தப் பதத்தில் அரைப்பது, மோர்மிளகாய்க்கு எத்தனை நாள் வெயில், சொதிக்கு முதல் பால் எப்போது ஊற்றுவது என்பதெல்லாம் நம் ஆச்சிகள் கையில் இருந்தது. எழுதிவைக்கவில்லை. ஒரு ஆச்சி போகும்போது ஒரு நூலகம் பூட்டிக்கொள்கிறது. யாரும் படையெடுத்து வந்து பிடுங்கவில்லை. நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் அம்மாவையோ ஆச்சியையோ அத்தையையோ கூப்பிட்டு ஒரே ஒரு பக்குவத்தைக் கேட்டு எழுதுங்கள். அளவு, பாத்திரம், பதம், யாரிடம் கற்றார்கள் என்பது உட்பட. எந்த வீட்டுச் சாப்பாடாக இருந்தாலும் சரி, கஞ்சியாக இருந்தாலும் சரி. ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தப் பதிவின் கீழேயே எழுதலாம். நான் திருத்தி மார்க் போடுவேன்.

முதல் பாடத்தை நானே எழுதுகிறேன். எங்கள் ஆச்சியின் உள்ளித் தீயல். ஒரு மூடித் தேங்காயைத் துருவி, இரும்புச்சட்டியில் எண்ணெய் விடாமல், கருப்பட்டி நிறம் வரும்வரை சிறு தீயில் வறுக்க வேண்டும். நடுவில் கையை எடுக்கக் கூடாது. பாதியில் இரண்டு கரண்டி கொத்தமல்லி விதை, ஏழு வத்தல், ஒரு சின்னக் கரண்டி மிளகு. ஆறினதும் தண்ணீர் விடாமல் அரைத்தால் தேங்காயே எண்ணெய் விட்டு இளகும். உரித்த சின்ன உள்ளி இரண்டு கை நல்லெண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீரும் உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கொதித்ததும் அரைத்ததைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே தெளியும்போது இறக்க வேண்டும். மண்சட்டியில் வைத்தால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கற்றுத்தந்தது ஆச்சி. ஆச்சிக்குக் கற்றுத்தந்தது, கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ வந்த அவர் மாமியார்.